நாலு அங்குல மூச்சு

ஜனவரி 9

தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். பயப்படாதே, எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். சமாதானம் பேச எழுதுகிறேன் என்று துள்ளவும் வேண்டாம். ஏழு வருடத்துக்கு முன்னால் சொன்னது சொன்னதுதான். இந்த வீட்டுப் படி நீ ஏறக்கூடாது.

எழுதச் சொன்னது உன் அத்தான். போன மாதத்திலிருந்து அவருக்கு நாற்காலியிலிருந்து குளியலறை வரைக்கும் நடந்தாலே மூச்சு முட்டுகிறது. மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டருமாக உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே எதை நிறுத்தியும் பிரயோஜனம் இல்லம்மா. மனசுக்குப் பிடிச்சதைக் கேட்டா கொடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய மனுஷன், பழைய டிப்போவைப் பார்க்க வேண்டும் என்பார் என்று நினைத்தேன். "மச்சான் கையால சுத்தின சுருட்டு ஒண்ணு" என்கிறார். கடைச் சுருட்டு வேண்டாமாம்.

கல்யாணத்தன்று அவர் கையில் முதல் சுருட்டைக் கொடுத்தவன் நீ. அதற்கப்புறம் மாதம் தவறாமல் பெட்டி அனுப்பியவனும் நீ. நுரையீரல் கெட்டுப்போச்சு என்று டாக்டர் முதல் தடவை சொன்ன வாரத்திலேயே இருபத்தைந்து சுருட்டோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றவனும் நீதான். பெட்டியை மாடியிலிருந்து விட்டெறிந்ததற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது. நீ ஒவ்வொரு படியாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டு போனாயே, அது மட்டும் எப்போதாவது ஞாபகம் வரும்.

ஒன்றே ஒன்று அனுப்பு. சின்னதாக, பென்சில் மாதிரி ஒல்லியாக இருக்கட்டும். சீக்கிரம் தீர்ந்துவிடும், கெடுதலும் குறைவு. கடிதத்தில் எழுது. போனில் உன் குரலைக் கேட்டால் அவர் முன்னாலேயே கத்திவிடுவேன்.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை வேலை நேரத்தில் பிரித்தேன். நீ திட்டியிருந்ததைப் படித்து ஏழு வருடம் கழித்து வயிறு நிறைந்தது. என்னைத் திட்ட உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அத்தானைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. டீசல் புகையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்ததை நீ கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாப் பழியும் என் தலையில்தானா? சரி, விடு. இதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் என்னவோ மறைக்கிறேன் என்று நினைப்பாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பென்சில் மாதிரி வேண்டாம் அக்கா. நீ நினைப்பதற்கு நேர் எதிர். ஒல்லிச் சுருட்டில் உள்ளே இலை கொஞ்சம்தான், மேலே சுற்றிய இலையின் ருசிதான் தூக்கலாக வரும். புகை சூடாக வரும், நாக்கைச் சுடும், இழுக்கவும் தம் கட்ட வேண்டும். அத்தானிடம் சொன்னால் புரியும்: சந்துக்குள் பஸ்ஸை விடுவதற்கும் அகலமான ரோட்டில் விடுவதற்கும் உள்ள வித்தியாசம். பருமனான சுருட்டில் புகை ஆறி, சாந்தமாக வரும். நீளமும் கூடாது. நீளமாக இருந்தால் ஆரம்பத்தில் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் முடிக்க இரண்டு மணி நேரமாகும், போகப்போகக் காட்டம் ஏறும். அவருக்குக் குட்டையும் குண்டுமாக ஒன்று வேண்டும்.

அதையும் விட முக்கியம் இழுப்பு. இறுக்கிச் சுற்றினால் கன்னம் ஒட்டிப்போகும், புகை வராது, வந்தாலும் கசக்கும், நொடிக்கொரு தரம் அணையும். தளர்த்திச் சுற்றினால் காகிதம் மாதிரி எரிந்து தொண்டையைக் காந்தும். நான் இப்போது சுருட்டு சுற்றுவதில்லை, இழுப்பு மேசையில் இருக்கிறேன். ஒவ்வொரு சுருட்டையும் குழாயில் செருகினால் மெஷின் உறிஞ்சும், கண்ணாடிக் குழலில் தண்ணீர் ஏறும். இரண்டு சிவப்புக் கோட்டுக்கு நடுவில் நின்றால் பெட்டிக்குப் போகும், இல்லாவிட்டால் குப்பைக்கு. அந்தக் கோடுகள் திடகாத்திரமான ஆளுக்குப் போட்டவை. அத்தானுடைய மூச்சு எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மெல்லிய கண்ணாடி டியூப் ஒன்று வாங்கு. நுனியைத் தண்ணீர் டம்ளரில் விட்டு நேராகப் பிடி. அவர் மெதுவாக இழுக்கட்டும். மூன்று எண்ணும்வரை தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதை அளந்து எழுது. தையல்காரியிடம் அளவெடுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு தடவை வந்து பார்க்கட்டுமா? என் போன் நம்பர் மாறி நாலு வருடமாகிறது. நீ கேட்காமல் தரமாட்டேன். எனக்கும் ரோசம் உண்டு.

உன் தம்பி


பிப்ரவரி 1

தம்பிக்கு,

மீன் தொட்டி விற்கிற கடையில் டியூப் கிடைத்தது. எத்தனை மீன் என்று கேட்டான் கடைக்காரன். ஒன்றுதான், சட்டை போட்ட மீன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உன் அத்தானிடம் சொன்னதும் சிரித்தார், சிரித்ததில் பத்து நிமிடம் இருமினார். இனிமேல் வேடிக்கை பேசக்கூடாது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

இஞ்ச் டேப்பைச் சுவரில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டேன். முதல் தடவை தண்ணீர் வாய்க்குள் போய்விட்டது. இரண்டாவது தடவை அஞ்சேகால் அங்குலம், மூன்று எண்ணும்வரை ஆடாமல் நின்றது. பரீட்சை எழுதிய பையன் மாதிரி "எவ்வளவு? எவ்வளவு?" என்று கேட்டார். அஞ்சேகால் என்றதும் இன்னொரு தடவை இழுக்கிறேன் என்று ஒரே பிடிவாதம்.

நானும் இழுத்துப் பார்த்தேன். எனக்கு நாலுதான் வந்தது. வாயை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. "உனக்கு ஊதத் தெரியுமே தவிர இழுக்கத் தெரியாது" என்றார். திட்டுவதை அவர் ஊதுவது என்பார்.

முன்பெல்லாம் உன்னோடு சேர்ந்து சுருட்டைப் பற்றி இப்படி மணிக்கணக்கில் பேசித்தான் என்னை எரிச்சல்படுத்துவார். இப்போது நானே அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தலையெழுத்து.

சீக்கிரம் அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

கூடவே சின்னப் பெட்டி வரும். உள்ளே ஒன்றே ஒன்று இருக்கும். நீளம் நாலு அங்குலம், பருமன் அத்தானுடைய கட்டைவிரல் அளவு. மேசைக்குப் போவதற்கு முன்னால் பத்து வருடம் சுற்றிய கை, மறக்கவில்லை. ஆறு சுற்றிப் பார்த்து, மெஷினில் செருகி, அஞ்சேகாலுக்குச் சுகமாக வருகிறதைத் தேர்ந்தெடுத்தேன். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே போனார், ஒன்றும் கேட்கவில்லை.

கவனமாகப் படி. பற்ற வைப்பதற்கு அரை மணி முன்னாலேயே ஆக்சிஜனை மூடி, குழாயைக் கழற்றி, சிலிண்டரைப் பின்னறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அவருக்கு வேறு சட்டை மாற்று. ஜன்னலைத் திற. ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்புப் பொறி பட்டால் வீடே போய்விடும். சிலிண்டரை நீ தூக்காதே, கீழே சாவிக்கடைக்காரர் இருக்கிறாரே, அவரைக் கூப்பிடு.

முனையைக் கொஞ்சம் தாராளமாக வெட்டு, இழுப்பு லேசாகும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும், அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும். முதலில் வறுத்த ரொட்டி வாசம் வரும். நடுவில் காப்பி மாதிரி ஒரு கசப்பு. கடைசியில் மிளகுக் காரம். அந்தக் காரம்தான் அத்தானுக்குப் பிடிக்கும், அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை நீட்டி நிறுத்துவார், ஞாபகம் இருக்கிறதா?

வரட்டுமா என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இன்னொரு தடவை கேட்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

பெட்டி வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அதற்குள் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போனது, தெம்பும் கூடவே போனது.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். சாவிக்கடைக்காரர் வந்து சிலிண்டரைத் தூக்கிப் பின்னறையில் வைத்தார். என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டேன். புதுச் சட்டை போட்டுவிட்டேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து சுருட்டை மூக்கில் வைத்து ரொம்ப நேரம் முகர்ந்தார். நான் தீக்குச்சியைப் பிடித்தேன்.

இழுத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. புகை வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார், கொஞ்சம் வந்தது, அணைந்துவிட்டது. மூன்று தடவை பற்ற வைத்தேன். மூன்றாவது தடவை வாயெல்லாம் கசந்து முகத்தைச் சுளித்தார். நெற்றி வேர்த்துவிட்டது. "போதும். மச்சான் மேல தப்பில்ல, அவன் சரியாத்தான் சுத்தியிருக்கான். என் மூச்சுதான் பத்தலே" என்றார். சொல்லிவிட்டு அந்தச் சுருட்டைத் தடவிக்கொடுத்தார். அதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நேற்று மறுபடி அளந்தேன். மூன்று அங்குலம். கோடு போட்டு வைத்திருந்த அஞ்சேகாலை அவர் பார்க்காமலிருக்க டேப்பைத் திருப்பித் தொங்கவிட்டிருக்கிறேன்.

உன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. கோபம்கூட வராவிட்டால் நான் என்ன செய்வது?

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

என் தப்புதான். நீ அளந்த அன்றைக்கு இருந்த மூச்சுக்குச் சுற்றினேன். பெட்டியைப் பிரிக்கிற அன்றைக்கு இருக்கப்போகிற மூச்சுக்குச் சுற்றியிருக்க வேண்டும். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு இது தோன்றவில்லை. மெஷினுடைய மூச்சு என்றைக்கும் ஒரே அளவு, அதையே பார்த்துப் பழகிவிட்டேன்.

பிப்ரவரியில் அஞ்சேகால். மார்ச்சில் மூன்று. இதை நீ பிரிக்கும்போது மார்ச் முடிந்துவிடும். அப்போது எவ்வளவு இருக்கும்? ஒரு தாளில் கணக்குப் போட்டேன். போட்டு முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஒன்றரைக்குச் சுற்றியிருக்கிறேன். சும்மா வாயில் வைத்தாலே காற்று வரும். இவ்வளவு தளர்த்தினால் சூடேறும் என்பதால் பருமனை இன்னும் கூட்டி, நீளத்தை மூன்றரையாகக் குறைத்திருக்கிறேன். பார்க்கக் குண்டுப் பையன் மாதிரி இருக்கும், அத்தான் கேலி செய்வார். என் மேசைக்கு இது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் போடுவேன்.

லீவு கேட்டுவிட்டேன், சூப்பர்வைசர் தருகிறேன் என்கிறார். நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும். நீ சொல்லாமல் படி ஏறமாட்டேன், அத்தான் முன்னால் நீயும் நானும் சண்டை போடக்கூடாது. ஆனால் கொஞ்சம் சீக்கிரம் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நல்ல செய்தி. உன் குண்டுப் பையன் ஜெயித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுசாகக் குடித்து முடித்தார். ஒரு தடவைகூட அணையவில்லை. முதலில் வறுத்த ரொட்டி வாசம், நடுவில் காப்பி மாதிரி கசப்பு, கடைசியில் நல்ல மிளகுக் காரம் என்றார். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. மச்சானைப் போல உண்டா என்று சாவிக்கடைக்காரரிடமும் சொன்னார்.

மூச்சும் தேறியிருக்கிறது. நேற்று அளந்ததில் நாலு அங்குலம் வந்தது. டாக்டர் ஆச்சரியப்பட்டார்.

அதனால் நீ இப்போது ஓடி வர வேண்டியதில்லை. வேலையைப் பார். அவர் இன்னும் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்க்கலாம். நன்றாகச் சாப்பிடு. நீ சின்ன வயதிலிருந்தே கவலை வந்தால் சாப்பிடமாட்டாய்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

நீ "அன்புள்ள" என்று ஆரம்பித்ததைப் பார்த்தபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

அந்தச் சுருட்டில் கார இலை இல்லை. போன தடவை வாயெல்லாம் கசந்தது என்று எழுதியிருந்தாய், இவ்வளவு தளர்ந்த சுருட்டில் காரமும் சேர்ந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து அந்த இலையை எடுத்துவிட்டேன். காப்பிக் கசப்பு தருகிற இலையும் கிடையாது. ரொட்டி வாசத்தில் ஆரம்பித்து ரொட்டி வாசத்திலேயே முடிகிற சுருட்டு அது. அவ்வளவு பருமன், அவ்வளவு தளர்ச்சி, அதில் வேறெதுவும் வர வழியே இல்லை. அத்தான் அதைக் குடித்திருந்தால் முதல் வேலையாகக் காரம் எங்கே என்று என்னைக் கேட்டிருப்பார். நீ எழுதியிருக்கிற மூன்றும் பிப்ரவரியில் நான் எழுதிய வரிகள்.

நாலு அங்குலம் உன் மூச்சு. எனக்கு இழுக்கத் தெரியவில்லை, நாலுதான் வந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதம் என் மேசை டிராயரில் இருக்கிறது. மூன்றுக்கு வந்த மூச்சு நாலுக்கு ஏறாது அக்கா. எனக்கும் ஏற வேண்டும் என்றுதான் ஆசை.

போனை எடுத்தேன், வைத்தேன். என் குரலைக் கேட்டால் அவர் முன்னாலேயே கத்திவிடுவதாக எழுதியிருந்தாய். நீ கத்துவதை அவர் கேட்டுக்கொண்டிருக்கக்கூடாது.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பொய் மட்டும் எழுதாதே. இங்கே நாளொன்றுக்கு முந்நூறு சுருட்டை மெஷினில் செருகுகிறேன், தண்ணீர் ஏறுகிறது, இறங்குகிறது, நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறொன்றும் என்னால் முடியவில்லை. அத்தான் எப்படி இருக்கிறார்?

தம்பி


ஏப்ரல் 26

தம்பி,

உண்மையை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை டியூபில் தண்ணீர் ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். "என்ன வந்துது?" என்று கேட்டார். டேப் திரும்பியிருக்கிறது, தெரியவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கா தெரியாது?

சுருட்டைப் பற்ற வைத்து அவர் வாயில் வைத்தேன். நீ சொன்னது போலச் சும்மா வைத்தாலே காற்று வருகிறதுதான். ஆனால் நெருப்பு சிவக்கவில்லை. அவரிடம் அந்தச் சும்மாவும் இல்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ இழு."

"எனக்கு எங்க தெரியும்?"

"டியூப்ல இழுத்தியே, அதேதான். முழுங்கிடாத. வாயிலேயே வச்சிரு. அப்புறம் என் பக்கமா மெதுவா ஊது."

உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத பொருளை வாயில் வைத்தேன். முதல் தடவை இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவருக்குச் சிரிப்பு, ஆனால் சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை சரியாக வந்தது. அவர் முகத்துக்கு நேராக ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டார். "ரொட்டி" என்றார். அப்படியே முக்கால் சுருட்டு நான் இழுத்து அவருக்கு ஊதினேன். நடுவில் யாரோ சட்டைக்கு அளவு கொடுக்க வந்து கதவைத் தட்டினார்கள், நாங்கள் திறக்கவில்லை. கடைசியில் அவர் சொன்னார்: "காரத்தைக் காணோமே. மச்சான் எடுத்துட்டான்."

மயக்கத்தில் என்னவோ உளறுகிறார் என்று நினைத்தேன். எனக்குக் காரமாகத்தான் இருந்தது. எனக்கு எல்லாமே காரமாகத்தான் இருந்தது. அதனால் நீ எழுதியிருந்ததையே பார்த்து எழுதினேன். உன் கடிதம் வந்த பிறகுதான் அவர் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. நீ அந்த இலையை எடுத்தது அவருக்கு வாசத்திலேயே தெரிந்திருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "சொன்னேன்ல?" என்றார்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். "தெரிஞ்சா ஓடி வந்து படிக்கட்டுல நின்னு உன்கிட்ட திட்டு வாங்குவான், பாவம்" என்றார். ஆனால் அவர் மேல் பழி போட மாட்டேன். என் காரணம் வேறு. நீ வந்தால் அவர் போகப்போகிறார் என்று அர்த்தம். நீ வராதவரைக்கும் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வருடக் கோபத்தை இதற்காகவே பிடித்து வைத்திருந்தேனோ என்னவோ. முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது.

வா தம்பி. சொல்லிவிட்டேன். படி ஏறி வா.

அவரிடமும் சொல்லிவிட்டேன், வரச் சொல்லி எழுதுகிறேன் என்று. கடிதம் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று கேட்டார். பத்து, பதினொன்று என்றேன். விரலை மடக்கி எண்ணினார்.

உன் நம்பரை எழுது. ரோசம் எனக்குத்தான் முதலில் இருந்தது, நானே கேட்கிறேன்.

அக்கா


மே 7

அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன், இதுவே சாயங்காலத் தபாலில் போய்விடும்.

இன்றைக்கே கிளம்புகிறேன் என்று நின்றேன். கப்பலுக்குச் சரக்கு போகிற வாரம், இழுப்பு மேசைக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. சூப்பர்வைசரின் காலில் விழாத குறை. மே இருபத்திரண்டுக்குத்தான் விடுகிறார். இருபத்து மூன்றாம் தேதி மதியம் உன் வாசலில் நிற்பேன். அத்தானிடம் சொல், எண்ணுவதற்கு ஒரு தேதி இருக்கட்டும்.

மத்தியான இடைவேளையில் உட்கார்ந்து ஒன்று சுற்றினேன். கையோடு கொண்டுவருகிறேன், இந்தத் தடவை தபாலை நம்பப்போவதில்லை. இது அத்தான் மூச்சுக்கு அளந்ததில்லை. உன் மூச்சுக்கு அளந்தது, நாலு அங்குலத்துக்கு. மெஷினில் மூன்று தடவை செருகிப் பார்த்தேன். நீ இருமாமல் இழுக்கலாம். நீளம் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன், புகை ஆறி வரும், உன் நாக்கைச் சுடாது. கார இலை முழுசாக வைத்திருக்கிறேன். நீ இழு, அவருக்கு ஊது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். காரம் வந்ததும் அவர் கையை நீட்டுவார்.

என் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. சும்மாகூடக் கூப்பிடு.

உன் தம்பி


மே 18

தம்பி,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. சாவிக்கடைக்காரரிடம் கொடுத்து வைக்கிறேன். நீ படி ஏறுவதற்கு முன்னால் உன் கையில் கொடுப்பார். அவர் கடையில் ஒரு ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்து படி.

அத்தான் போய்விட்டார். மே நாலாம் தேதி, மத்தியானம். என் கடிதம் உன் கைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னால். அன்று காலையில் கூட "கடிதம் இப்ப எங்க போயிட்டிருக்கும்?" என்று கேட்டார். பாதி தூரம் தாண்டியிருக்கும் என்றேன். நான் ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது சிலிண்டரின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

உன்னைக் கூப்பிட என்னிடம் இருந்தது பழைய நம்பர்தான். யாரோ ஒரு பெண் எடுத்து, தப்பான நம்பர் என்றாள். நான் வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன், அவளே வைத்துவிட்டாள்.

நேற்று உன் கடிதம் வந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன், நம்பர் பெரிதாக இருந்தது. மூன்று தடவை அழுத்தினேன், மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். ஏழு வருடம் கழித்து என் வாயிலிருந்து நீ கேட்கிற முதல் வார்த்தை இதுவாகவா இருக்க வேண்டும்? வழியெல்லாம் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டு வருவாய். அந்தப் பிரயாணத்திலாவது அவர் உனக்கு உயிரோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த நாலு மாதத்தில் எது சரியாக இருந்தது, இது மட்டும் சரியாக இருக்க?

அந்தச் சுருட்டு உன் பையில் இருக்கும். கீழே யாரிடமும் கொடுத்துவிடாதே, தூக்கிப் போட்டுவிடாதே. மேலே கொண்டு வா. இனிமேல் சிலிண்டரைத் தூக்க ஆள் தேட வேண்டாம், அதைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. அவர் நாற்காலியில் நீ உட்கார். நாலு அங்குலம் எனக்கு இன்னும் வருகிறது, இன்று காலையில்தான் இழுத்துப் பார்த்தேன். நான் இழுத்து உன் பக்கமாக ஊதுகிறேன். காரம் எப்போது வருகிறது என்று நீ கையை நீட்டிக் காட்டு. எனக்கு எல்லாமே காரமாகத்தான் இருக்கிறது.

அக்கா